கரைக்குத் தெரியாமல் கடலைக் காப்பது எப்படி

ஜூன் 8 உலகப் பெருங்கடல் நாள். அதைக் கொண்டாட ஏற்ற இடம், கடலிலிருந்து வசதியான தூரத்தில் இருக்கும் ஒரு நட்சத்திர ஓட்டலின் இரண்டாம் மாடி என்று ஓர் ஆராய்ச்சி நிறுவனம் முடிவு செய்திருந்தது. "கடல் அறிவை மக்களிடம் கொண்டு சேர்த்தல்" என்பது கருத்தரங்கின் பெயர். பெயர் மட்டும் தமிழில். மக்கள் என்று சொல்லிவிட்டால் மக்களில் ஒருவராவது வேண்டுமே. எண்ணூர்ப் பக்கத்திலிருந்து எனக்குத் தெரிந்த ஒரு பெரியவரை அழைத்திருந்தார்கள். அவரைக் கூட்டிவருவது என் பொறுப்பு.

அவர் ஆற்றில் தொழில் செய்பவர். விசைப்படகுக்காரர்களுக்கு அது தடைக்காலம். இவருக்கு அப்படியெல்லாம் கிடையாது. ஒரு நாள் பாட்டை விட்டுவிட்டு, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு வந்திருந்தார். அரங்குக்குள் நுழைந்ததும் ஏசி தாங்காமல் துண்டை எடுத்துக் காதைச் சுற்றிக் கட்டிக்கொண்டார். மார்கழி வாடையில் இடுப்பளவு தண்ணீரில் நின்று வீச்சு வலை போடுகிற மனிதர்.

வாசலில் கழுத்துக்கு ஓர் அட்டை மாட்டினார்கள். எனக்கு 'மீடியா'. அவருக்கு 'ஸ்டேக்ஹோல்டர்'.

"இன்னா தம்பி எழுதிகீது?"

"பங்குதாரர்னு போட்டிருக்காங்கண்ணா."

அவர் அதை அப்படியே நம்பிவிட்டார். அவர் தொழிலில் பங்கு என்றால் பங்குதான். படகுக்கு இவ்வளவு, வலைக்கு இவ்வளவு, ஆளுக்கு இவ்வளவு என்று கரையேறியதும் கண்ணெதிரே பிரித்துவிடுவார்கள். "அப்ப நம்ம பங்கு எவ்ளோவாம்?" என்று கேட்டார். நான் மேடையைப் பார்ப்பதுபோலத் திரும்பிக்கொண்டேன்.

மேடையில் ஒருவர் திரையில் வண்ண வண்ணமாகப் பட்டைகள் காட்டி ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தார். ஈயம், காட்மியம், துத்தநாகம் என்று காதில் விழுந்தது. படத்தைப் பார்த்த பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இது நம்ம ஆறு இல்ல?" ஆமாம் என்றேன். "நம்ம சேத்துல இன்னா கீதாம்?" நான் குனிந்து அவர் காதருகே ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லத் தொடங்கினேன். அவர் தினம் மிதிக்கிற சேறு, அவர் வீட்டுக் குழம்பில் கொதிக்கிற இறால். நான்கு வாக்கியம் சொல்லியிருப்பேன். பின்னாலிருந்து ஒரு ஒருங்கிணைப்பாளர் வந்து தோளைத் தொட்டு, "சார், ப்ளீஸ், டிஸ்டர்பன்ஸா இருக்கு" என்றார்.

அன்று அந்த அரங்கில் கடல் அறிவு மக்களிடம் போய்ச் சேர்ந்த ஒரே இடம் அந்தப் பெரியவரின் வலது காது. அதையும் நிறுத்திவிட்டார்கள். நேரமில்லை என்று கேள்வி நேரமும் ரத்தானது. மதியச் சாப்பாட்டில் மீன் இருந்தது, வியட்நாம் பாசா. பெரியவர் ஒரு துண்டை எடுத்து முகர்ந்துவிட்டுத் தயிர்சாதம் வாங்கிக்கொண்டார்.

இந்த நாட்டில் கடலைப் பற்றிய ஆராய்ச்சி நடக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது 1947இல். நாட்டுக்கும் அதற்கும் ஒரே வயது. 'சாகர் கன்யா', 'சாகர் நிதி' என்று ஆய்வுக் கப்பல்கள் இருக்கின்றன. கப்பலுக்கு டீசல் நம் வரிப்பணம், விஞ்ஞானிக்குச் சம்பளம் நம் வரிப்பணம். அவர் அரும்பாடுபட்டுக் கண்டுபிடித்ததை எழுதி ஒரு வெளிநாட்டுப் பதிப்பகத்துக்குச் சும்மா கொடுக்கிறார். சில இதழ்களுக்குக் கைக்காசும் சேர்த்துக் கொடுக்கிறார். பதிப்பகம் அதைப் பூட்டி வைத்து, ஒரு கட்டுரைக்கு முப்பது, நாற்பது டாலர் என்று நமக்கே விற்கிறது. நம் வீட்டு மாட்டில் கறந்த பாலை நாமே அடுத்த தெருவுக்குப் போய் டோக்கன் போட்டு வாங்குகிற ஏற்பாடு இது.

அநியாயம் என்று அரசுக்கும் தோன்றியிருக்க வேண்டும். 2025 ஜனவரியில் 'ஒரே நாடு ஒரே சந்தா' வந்தது. மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 இதழ்கள், 6,300க்கு மேற்பட்ட அரசுக் கல்வி, ஆய்வு நிறுவனங்கள். பூட்டை உடைக்கவில்லை, சாவிக்கு மொத்த விலை பேசி முடித்திருக்கிறார்கள். எண்ணூர் முகத்துவாரக் குப்பம் அந்த 6,300இல் இல்லை. மீனவர் கூட்டுறவுச் சங்கம் இல்லை. அதுபற்றி எழுதுகிற என்னைப் போன்ற தனி ஆளும் இல்லை.

போகட்டும், பூட்டைத் திறந்தே கொடுத்தாலும் உள்ளே இருப்பது ஆங்கிலம். தமிழில் அறிவியல் சொல்ல முடியாது என்பார்கள். இது பச்சைப் பொய். தேவை வந்தால் தமிழ் எப்படி ஊற்றெடுக்கிறது என்று துறைமுகச் சுவர்களைப் பாருங்கள். "வளமான எதிர்காலம்", "நீலப் பொருளாதாரம்", "உங்கள் பிள்ளைகளுக்கு வேலை" என்று ஃப்ளெக்ஸில் சிரிக்கிற தமிழில் ஓர் எழுத்துப் பிழை இருக்காது. கடல் என்ன ஆகும் என்கிற பக்கம் வரும்போதுதான் மொழிக்குத் தொண்டை கட்டிக்கொள்கிறது.

சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு என்று ஒன்று உண்டு. திட்டம் போடுகிறவரே காசு கொடுத்து ஆலோசகரை வைத்து, தன் திட்டம் நல்லதா கெட்டதா என்று எழுதி வாங்குவார். வேலிக்கு ஓணான் சாட்சி. முழு அறிக்கை நூற்றுக்கணக்கான பக்கம், ஆங்கிலம். 2006ஆம் ஆண்டு அறிவிக்கைப்படி உள்ளூர் மொழியில் ஒரு சுருக்கம் தர வேண்டும். தருகிறார்கள். "கடலடி வாழ் உயிரினப் பன்முகத்தன்மைக் குறியீடு ஏற்கத்தக்க வரம்புக்குள் இருப்பதாக அவதானிக்கப்பட்டது" என்கிற தினுசில் எழுதியதைப் பெரியவருக்கு ஒருமுறை வாசித்துக் காட்டினேன். ஒரு நிமிடம் யோசித்தார். "ஒன்னும் ஆவாதுன்றான்" என்றார். அவ்வளவுதான் மொத்தச் சுருக்கமும். இருபது பக்கத்தை இரண்டு சொல்லாக்கிவிட்டார்.

அந்த அறிவிக்கையையே தளர்த்தி எழுதுகிற வரைவு 2020இல் வந்தது. இந்தியிலும் ஆங்கிலத்திலும் வெளியிட்டுவிட்டு, நாட்டு மக்களே கருத்துச் சொல்லுங்கள் என்றார்கள். எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளிலும் வெளியிடுங்கள் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2020 ஜூன் 30இல் உத்தரவிட்டது. பத்து நாள் அவகாசம். சந்திரனில் கலம் இறக்குகிற நாட்டுக்கு ஒரு வரைவை மொழிபெயர்க்க ஆள் கிடைக்கவில்லை. ஆனால் மொழிபெயர்க்க மாட்டோம் என்று வாதாட உச்ச நீதிமன்றம்வரை போக வக்கீல்கள் கிடைத்தார்கள்.

மொழி புரியாவிட்டாலும் படம் புரியுமே என்பீர்கள். அதற்கும் வழி செய்துவிட்டார்கள். 1996இல் மத்திய அரசு ஒப்புதல் தந்த கடற்கரை மண்டல வரைபடத்தில் எண்ணூர்க் கழிமுகம் இருக்கிறது. கொசஸ்தலையாறும் கடலும் கலக்கிற, 6,000 ஏக்கருக்கு மேற்பட்ட நீர்ப்பரப்பு. கட்டடம் எழுப்பக் கூடாத இடம். 2009 என்று தேதியிட்ட இன்னொரு வரைபடத்தில் அது இல்லை. தூர்ந்து போகவில்லை, வற்றவில்லை. படத்தில் இல்லை, அவ்வளவுதான். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டுக் கேட்டு, 2017இல்தான் இது வெளியே வந்தது. அதுவரை மீனவர்கள் இல்லாத ஆற்றில் இறங்கி, இல்லாத இறாலைப் பிடித்து, இருக்கிற பிள்ளைகளுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும், நம் அளவையாளர்கள் கைதேர்ந்தவர்கள். இந்தியக் கடற்கரையின் நீளம் பல பத்தாண்டுகளாக 7,516 கிலோமீட்டர் என்று பள்ளியில் மனப்பாடம் செய்தோம். நுட்பமான அளவில் வளைவு நெளிவுகளை எண்ணிப் பார்த்து 11,098 கிலோமீட்டர் என்று இப்போது திருத்தியிருக்கிறார்கள். ஒவ்வொரு குடாவையும் ஒவ்வொரு கழிமுகத்தையும் சுற்றி வந்து அளந்த கணக்கு. ஒரு பக்கம் கரை மூவாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் நீள்கிறது. இன்னொரு பக்கம் ஓர் ஆறே காணாமல் போகிறது. இரண்டும் அரசாங்கக் காகிதம்.

2017 ஜனவரி 28 விடியற்காலை, எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. கசிவு ஒன்றும் இல்லை என்பதுதான் கரைக்கு வந்த முதல் செய்தி. அப்புறம் கொஞ்சம் என்றார்கள். கடைசியில் அள்ளிய கழிவே நூறு டன்னைத் தாண்டியது. இதில் எனக்கு இன்றைக்கும் ஆறாதது எண்ணெய் இல்லை. கடலில் கொட்டிய எண்ணெய் காற்றும் நீரோட்டமும் சேர்ந்து எந்தக் கரைக்குப் போகும் என்று கணித்துச் சொல்லும் ஏற்பாடு ஹைதராபாத்தில் இருக்கிறது. இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம். எண்ணூர் எண்ணெயின் பாதையையும் அவர்கள் கணித்தார்கள். அதைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரையும் பிறகு வந்தது. ஹைதராபாத்தில் கணினிக்குத் தெரிந்திருந்தது. கரையில் வாளி இருந்தது. மாணவர்களும் மீனவர்களும் கட்டட வேலையாட்கள் மாதிரி வரிசையாகப் பாறைமேல் நின்று, கையுறைகூட எல்லோருக்கும் இல்லாமல், கறுப்புக் கூழை வாளி வாளியாகக் கைமாற்றினார்கள். உலகம் முழுக்க அந்தப் படத்தைப் பார்த்துச் சிரித்தது.

பாடம் படித்தோமா என்றால், படித்தோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து எண்ணெய் ஆற்றில் இறங்கியது. குழாயில் கசிவு இல்லை என்று இந்த முறையும் முதலில் மறுப்பு வந்தது. எண்ணெய் குளித்த கூழைக்கடாக்கள் சிறகை விரிக்க முடியாமல் கரையில் நின்றன. மீனவர்கள் பிளாஸ்டிக் மக்கோடு படகில் போய் மோந்தார்கள். ஏறத்தாழ ஏழு வருடத்தில் அறிவியல் வாளியிலிருந்து மக்குக்கு வளர்ந்திருந்தது. மக்கு யார் என்பதை வாசகர் முடிவு செய்துகொள்ளலாம்.

அதே டிசம்பர் 26. சுனாமி வந்து 19 ஆண்டு முடிந்த நாள். எண்ணூர்ப் பெரியகுப்பத்தில் கடல் நள்ளிரவில் கொப்பளித்தது. மூச்சு முட்டி, கண் எரிந்து, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் தெருவில் ஓடினார்கள். உரத் தொழிற்சாலைக்கு அம்மோனியா கொண்டுபோகிற குழாய் கடலுக்கடியில் கசிந்திருந்தது. எந்தப் பக்கம் காற்றடிக்கிறது, எந்தப் பக்கம் ஓட வேண்டும், ஈரத்துணியை மூக்கில் வைக்க வேண்டுமா, இதையெல்லாம் சொல்ல ஒரே ஒரு தாள், தமிழில், கோயில் சுவரில் ஒட்டியிருந்தால் போதும். கம்பெனிக்கு அது வணிக ரகசியம் போலும். மூச்சுவிடுவது மட்டும் பொதுச்சொத்து.

தெற்கே போனால் கதை வேறு மாதிரி. மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்கா, 1986இல் அறிவித்தது, 21 தீவுகள். பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் கடல்மட்டத்துக்குக் கீழே போய்விட்டன. சுண்ணாம்புக்கும் ஆலைகளுக்கும் பவளப்பாறையை வெட்டி வெட்டி எடுத்ததில், அலையைத் தடுக்க ஆளில்லாமல் மண் கரைந்துவிட்டது. பரவாயில்லை, பலகைகளிலும் பாடப்புத்தகங்களிலும் 21 அப்படியே இருக்கிறது. தீவு முழுகலாம், எண்ணிக்கை முழுகக் கூடாது.

அங்கே பாசி எடுக்கும் பெண்கள் இருக்கிறார்கள். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, மூச்சைப் பிடித்து மூழ்குகிறவர்கள். மாதத்தில் இத்தனை நாள்தான் எடுப்பது, இனப்பெருக்கக் காலத்தில் கை வைப்பதில்லை என்று அவர்களே கட்டுப்பாடு போட்டுக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமிக்கு 2015இல் அமெரிக்காவின் சீக்காலஜி விருது கிடைத்தது. உள்ளூரில் அவர்களுக்குக் கிடைப்பது தீவுப் பக்கம் வந்தால் வழக்கு என்ற மிரட்டல்.

அதே கடலில் 1990களில் ஆராய்ச்சிக்கென்று ஒரு வெளிநாட்டுப் பாசியைக் கொண்டுவந்தார்கள். கப்பாஃபைகஸ் என்று பெயர். குளிர்பானக் கம்பெனி ஒப்பந்தம் போட்டு வளர்க்கும் அளவுக்குப் பாக் விரிகுடாவில் பெருகியது. நல்ல பாசி, வளர்க்கிற இடத்தைவிட்டு நகராது என்று நம்பிக்கை சொன்னார்கள். குருசடைத் தீவின் பவளப்பாறைமேல் அது படர்ந்து மூடியிருக்கிறது என்று 2008இல் 'கரன்ட் சயின்ஸ்' இதழில் கட்டுரை வந்தது. அப்படியில்லை என்று எதிர்க்கட்சி. ஆய்வாளர்கள் இலக்கணம் பிசகாத ஆங்கிலத்தில் சண்டை போட்டார்கள். பாசிக்கு ஆங்கிலம் தெரியாது, அது பாட்டுக்குப் படர்ந்தது. பாறையை நாள்தோறும் தொட்டுப் பார்க்கிற பெண்களிடம் எந்தக் கட்சியும் "அக்கா, அங்கே என்ன இருக்கு?" என்று கேட்டதாகத் தெரியவில்லை. இப்போது வனத்துறை ஆள் வைத்துப் பவளத்திலிருந்து பாசியைப் பிடுங்குகிறது. இன்னொரு துறை அதே ராமநாதபுரம் மாவட்டத்தில் 127 கோடி ரூபாயில் கடற்பாசிப் பூங்கா கட்டுகிறது. ஒரு கை நடுகிறது, ஒரு கை பிடுங்குகிறது, இரண்டு கைக்கும் சம்பளம் உண்டு.

விஞ்ஞானிகளை மட்டும் திட்டினால் பாவம் வந்து சேரும். இளம் ஆய்வாளர் ஒருவர் என்னிடம் பேசும்போது ஒவ்வொரு வாக்கியத்துக்கும் "என் பேர் போட்றாதீங்க சார்" என்றார். நீரின் வெப்பநிலையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம். ஏதோ குண்டு வைக்கும் இடத்தைச் சொல்வதுபோலக் குரலைத் தாழ்த்தினார். அவர் பயம் வீண் பயமில்லை. 2023 ஜனவரியில் ஜோஷிமட் மலையூர் 12 நாளில் 5.4 சென்டிமீட்டர் இறங்கியதைச் செயற்கைக்கோள் படத்தோடு இஸ்ரோ மையம் வெளியிட்டது. வீட்டுச் சுவரில் விரிசல் பார்த்துக்கொண்டிருந்த ஜனங்களுக்கு அது உயிர்ச் செய்தி. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் உடனே செயல்பட்டது: யாரும் அனுமதியில்லாமல் ஊடகத்திடம் பேசக் கூடாது என்று நிறுவனங்களுக்குக் கடிதம் அனுப்பியது. அறிக்கை இணையத்திலிருந்து மறைந்தது. மலை இறங்குவதை நிறுத்த முடியாது, செய்தியை நிறுத்தலாம். மலைக்கே இந்தக் கதி என்றால் தண்ணீருக்குள் நடப்பதை யார் கேட்கப் போகிறார்கள்?

இதற்குமேல், தமிழில் ஒரு பத்திரிகைக்கு எழுதினால் ஆய்வாளருடைய பதவி உயர்வுக் கணக்கில் மதிப்பெண் பூஜ்யம். அமெரிக்க இதழில் எண்ணூர்ச் சேற்றைப் பற்றி எழுதினால் மதிப்பெண் உண்டு. எண்ணூரில் எண்ணூர்ச் சேற்றைப் பற்றிச் சொன்னால் மெமோ உண்டு.

மறுபக்கம், கடல் பற்றி எண்ணூர்க்காரர் சொன்னால் அதற்கு 'அனெக்டோடல்', அதாவது வெறும் அனுபவக் கதை, என்று பெயர். வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றுக்குத் தனித்தனிப் பெயர்; வன்னி, தெண்டி என்று கடல் நீரோட்டத்துக்குத் தனித்தனிப் பெயர்; எந்தப் பெயருக்கு எந்த மீன் வரும், வராது என்ற கணக்கு. இதையே ஒருவர் ஆறு மாதம் குப்பத்தில் தங்கி, டீ வாங்கிக் குடித்துக் கேட்டெழுதி, சூடு ஆறுவதற்குள் முனைவர் பட்டம் வாங்கிவிட்டால் அது அறிவியல். "இந்த அனல்மின் நிலையச் சாம்பல் கொட்டுனதுல இருந்து மட்டி செத்துப்போச்சு சார்" என்று அவர்கள் பல வருடம் கத்தியபோது, தரவு இல்லை என்றார்கள். தரவு வந்த பிறகு, மேலும் ஆய்வு தேவை என்றார்கள். ஆய்வு முடிந்தபோது அது டாலர் விலையில் பூட்டப்பட்டிருந்தது.

2017 ஜனவரியில் பாடகர் டி.எம். கிருஷ்ணா முகமூடி மாட்டிக்கொண்டு எண்ணூர்ச் சாம்பல் மேட்டில் நின்று, கபேர் வாசுகி எழுதிய 'சென்னை பொறம்போக்கு பாடல்' பாடினார். கர்நாடக ராகங்களில், மெட்ராஸ் பாஷையில். கொசஸ்தலையாறு என்ற பெயரையே கேள்விப்படாத மயிலாப்பூர் மாமிகள் அதைப் பார்த்து விசாரித்தார்கள். ஒரு பாட்டு, ஒரு கேமரா, சில நிமிடம். நூறு கருத்தரங்குகளின் மதியச் சாப்பாட்டுச் செலவுக்கு அதைப்போல எத்தனை எடுத்திருக்கலாம் என்று நான் கணக்குப் போடப் போவதில்லை. ரத்த அழுத்த மாத்திரை தீர்ந்துவிட்டது.

அந்த ஜூன் 8 மாலை, கருத்தரங்கு முடிந்ததும் பெரியவரை மேடைக்கு அழைத்துச் சால்வை போட்டார்கள். தடித்த காகிதத்தில் ஒரு சான்றிதழ். பஸ்ஸில் வரும்போது நீட்டினார். "இன்னா போட்டுகீது படி." பெயரை முனுசாமிக்குப் பதிலாக முனியசாமி என்று அடித்திருந்தார்கள். அதற்குக் கீழே இருந்ததைத் தமிழில் சொன்னேன்: கருத்தரங்கில் இவர் தீவிரமாகப் பங்கேற்றார்.

"எப்ப?" என்றார்.

வீட்டுக்குப் போனதும் தூக்கிப் போடுவார் என்று நினைத்தேன். பரணிலிருந்து ஒரு மஞ்சள் பையை இறக்கினார். உள்ளே பிளாஸ்டிக் கவர். ரேஷன் கார்டு, மீனவர் நலவாரிய அட்டை, 2017 எண்ணெய்க்கு நிவாரணம் கேட்டுக் கொடுத்த மனுவின் நகல், 2023 எண்ணெய்க்குக் கொடுத்த மனுவின் நகல், இரண்டிலும் வெளுத்துப்போன ரப்பர் முத்திரை. சான்றிதழை நான்காக மடித்து அவற்றுக்கு நடுவில் வைத்தார்.

"எந்த ஆபீஸ்ல எப்ப கேப்பான்னு தெரியாது தம்பி" என்று சொல்லிக் கவரின் வாயை நைலான் வலைக் கயிற்றால் இறுக்கிக் கட்டினார்.